2024-ல எனக்குப் புடிச்ச படங்க: லப்பர் பந்து முதல்லயா, கொட்டுக்காளி முதல்லயா?

கேள்வி, 28 டிசம்பர் 2024

2024-ல தமிழ்ல நல்ல படம்னு எண்ணினா ஒரு கை விரல்கூட மடங்காது. மலையாளத்துல ஜனவரில ஆட்டம்ல ஆரம்பிச்சு மாசத்துக்கு ஒண்ணுன்னு தட்டித் தூக்கிட்டாங்க. நம்மாளுங்க பெரிய ஹீரோ படத்த நம்பி ஏமாந்ததுதான் மிச்சம். இல்லன்னு சொல்றவங்க லிஸ்டோட வாங்க.

28 டிசம்பர் 2024, ராத்திரி 11.50

லிஸ்டோடதான் வர்றேன். மலையாளம் இந்த வருஷம் அள்ளிடுச்சுங்கிறதுல எனக்குச் சண்ட இல்ல. ஆனா தமிழ்ல ஒரு கைகூடத் தேறாதுன்னா பெரிய போஸ்டர மட்டும் பாத்துட்டுச் சொல்றீங்கன்னு அர்த்தம். தியேட்டர்ல இந்த வருஷம் நான் பாத்தது 31 படம், டிக்கெட் எல்லாத்தையும் ஒரு காலண்டர் அட்டைல வரிசையா ஒட்டி வச்சிருக்கேன் (சிவகாசில ஆஃப்செட் பிரஸ்ல வேல, அட்டைக்குப் பஞ்சமில்ல). அத முன்னால வச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

முதல் எடம் லப்பர் பந்து. ரெண்டு கொட்டுக்காளி. மூணு மெய்யழகன். நாலு வாழை. அஞ்சு ஜே பேபி. அதுக்கப்புறம் ஜமாவும் ப்ளூ ஸ்டாரும், அது ரெண்டுக்குள்ள எது முன்னன்னு எனக்கே தெரியல. ஏழாச்சா?

லப்பர் பந்துங்கிற கிரிக்கெட் படம் ஏன் முதல்லன்னா, இன்னைக்கு அத எழுதாம வேற எத எழுதுறது, விஜயகாந்த் போய் இன்னையோட சரியா ஒரு வருஷம். செப்டம்பர் 20-ம் தேதி படம் வந்துச்சு, நான் ரெண்டாவது நாள் ராத்திரி ஷோ போனேன். தினேஷ் கெத்துங்கிற பேர்ல பேட்டத் தூக்கிட்டு வர்றார், ஸ்பீக்கர்ல "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஓடுது, விஜயகாந்தோட பொன்மனச் செல்வன் பாட்டு, 1989-ல வந்தது. எனக்கு முன் வரிசைல அம்பது வயசிருக்கும் ஒருத்தர், கைலி கட்டியிருந்தார், சத்தம் போடல, விசில் அடிக்கல, எந்திரிச்சு நின்னுட்டார் அவ்ளோதான். பாட்டு முடியிற வரைக்கும் நின்னார். பின்னால இருந்த ஒருத்தரும் மறைக்குது உக்காருங்கன்னு சொல்லல. வழக்கமா நம்ம ஊர் தியேட்டர்ல அதுக்கே அடிதடி ஆகும்.

மீதிய நாளைக்கு எழுதுறேன், காலைல ஆறு மணி ஷிப்ட்.

29 டிசம்பர், காலை 5.30

படுத்தும் தூக்கம் வரல, அதனால ரெண்டு வரி. மகாராஜா ஏன் இல்லன்னு கேட்டிருக்கீங்க. திரைக்கதைய டைரக்டர் நித்திலன் மடிச்சு வச்சிருந்த விதத்துக்கு ஒரு கும்பிடு. குப்பத்தொட்டிக்கு லட்சுமின்னு பேர் வச்சு அத வச்சே முக்கால்வாசிப் படத்தையும் நகத்துனது சாமானியமில்ல. ஆனா எனக்குப் பொண்ணு இருக்கு. அந்தப் படத்த இன்னொரு தரம் பாக்க முடியுமான்னு கேட்டா முடியாது. புடிச்ச படம்னா திரும்பப் பாக்கணும்னு தோணணும், என் கணக்கு அவ்ளோதான்.

அமரன்ல சாய் பல்லவிக்காக ஒரு தரம் போலாம், போனேன். விடுதலை ரெண்டாம் பாகம் வந்து ஒம்போது நாள்தான் ஆகுது, இன்னும் உள்ள எறங்கல.

29 டிசம்பர், ராத்திரி 10.15

இப்ப கொட்டுக்காளி. வேற ஒருத்தன விரும்புற மீனாவுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு, அவளக் கட்டிக்கப் போற பாண்டியும் வீட்டாளுங்களும் ஆட்டோல ஏத்திப் பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போற கதை. இதப் பத்திக் கொஞ்சம் நீளமாவே பேசணும்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழம. ஒரே நாள்ல வாழையும் கொட்டுக்காளியும் வந்துச்சு. எங்க ஊர்ல கொட்டுக்காளி கெடைக்காதுன்னு லீவு போட்டுட்டு பஸ் புடிச்சு மதுரைக்குப் போயி காலைல அது, மத்தியானம் வாழைன்னு ரெண்டையும் பாத்தேன். டைரக்டர் வினோத்ராஜோட முந்தின படம் கூழாங்கல் ரோட்டர்டாம் பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு, இது பிப்ரவரிலயே பெர்லின் விழாவுல ஓடிருச்சு, அதனால என்ன மாதிரிப் படம்னு எனக்கு ஒரு கணிப்பு இருந்துச்சு. ஆனா தியேட்டர்ல வந்தவங்கள்ல பாதிப் பேர் பாண்டியா நடிச்ச காமெடி நடிகர் சூரியப் பாக்க வந்தவங்க. கழுத்துல சுண்ணாம்பத் தடவிக்கிட்டு, தொண்ட கட்டுன கொரல்ல அவர் பேச ஆரம்பிச்ச ஒடனே சிரிச்சாங்க. பரோட்டா காமெடி காலத்துல இருந்து அவரப் பாத்தா சிரிச்சே பழகுனவங்க, அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. ஆட்டோவுக்குள்ள அந்த அடி விழுந்துச்சு பாருங்க, மீனா ஏதோ பாட்ட முணுமுணுத்தாங்கிறதுக்காகப் பாண்டி வண்டிக்குள்ள இருக்குற அத்தன பேரையும் போட்டு அடிக்கிறான், அதோட சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் ஷோ முடியிற வரைக்கும் ஒருத்தரும் சிரிக்கல.

படத்துல பின்னணி இசையே கெடையாதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. என் கதைய நான் சொல்றேன். எனக்குத் தினமும் பத்து மணி நேரம் மெஷின் சத்தம். நாலு கலர் மெஷின் ஓடுறப்ப பக்கத்துல நிக்கிறவன்கிட்டப் பேசணும்னா காதுல வாய வச்சுக் கத்தணும். வீட்டுக்கு வந்தாலும் படுக்குற வரைக்கும் காதுக்குள்ள அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். படத்துல அந்த ஷேர் ஆட்டோ போயிட்டே இருக்கு, கூட ரெண்டு மூணு பைக், ஒரே எரச்சல். திடீர்னு வண்டிய நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்றாங்க. அப்பத்தான் காத்து கேக்குது, காலக் கட்டிப்போட்ட சேவல் றெக்கைய அடிக்கிறது கேக்குது, எங்கயோ தூரத்துல குருவி. எங்க பிரஸ்ல கரண்டு போனா இதேதான் நடக்கும், ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம நிப்போம், அந்த ஒரு நிமிஷத்துல மொத்தக் கட்டடமும் புதுசாத் தெரியும். அத ஒரு சினிமாவுல கேப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல. அந்த ஒலி வேலையப் பண்ணவங்க சுரேனும் அழகியகூத்தனும், பேரச் சொல்லாமப் போனாப் பாவம்.

மீனா கிட்டத்தட்ட வாயே தொறக்க மாட்டா. மீனாவா நடிச்ச அன்னா பென் கண்ண ஒரே பக்கம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற விதம் இருக்கே. ஆட்டோவத் திருப்ப வழியில்லாம ஆம்பளைங்க எல்லாரும் சேந்து வண்டியவே தூக்கித் திருப்புவாங்க, அவ உள்ளயே இருப்பா. மறிச்சு நிக்கிற காளைய அத்தன ஆம்பளையாலயும் அசைக்க முடியாது, ஒரு சின்னப் புள்ள வந்து சாதாரணமாக் கூட்டிட்டுப் போயிரும்.

அஞ்சாவது நாள் இன்னொரு தரம் பாக்கலாம்னு போன் போட்டா, ஷோவ எடுத்துட்டோம்னு சொல்லிட்டாங்க. அது எனக்கு இன்னும் ஆறல.

30 டிசம்பர், மத்தியானம் 1.30

மேல ஒரு தப்பு. ரெண்டு படத்தையும் ஒரே நாள்ல பாத்தேன்னு எழுதிட்டேன். சாப்பாட்டுக்கு வந்தப்ப அட்டைய எடுத்துப் பாத்தா வாழை டிக்கெட்டுல 25-ம் தேதின்னு இருக்கு, ஞாயித்துக்கிழம, எங்க ஊர் தியேட்டர். அன்னைக்கு மதுரைல கொட்டுக்காளியப் பாத்துட்டு வெளிய வந்து, அடுத்த படம் பாக்க மனசு வராம பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு ஊருக்கு வந்துட்டேன். நாலே மாசத்துல மனசு ரெண்டையும் ஒரே நாளாச் சேத்துத் தச்சிருச்சு. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசிப் பேசியே அப்படி ஆகியிருக்கும்.

30 டிசம்பர், ராத்திரி 11.00

வாழைய நாலாவதாத் தள்ளுனது பாவம்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். காரணம் இருக்கு, கேளுங்க.

சனி ஞாயிறு ஆனா தார் சொமக்கப் போகணும்னு பயப்படுற பையன். எனக்கு அந்தப் பயம் தெரியும். எங்க பக்கம் வாழ கெடையாது, பள்ளிக்கூடம் லீவு விட்டா தீப்பெட்டிக் கட்டு ஒட்டணும், அப்புறம் கொஞ்சம் வளந்தா காலண்டர் தகரம் அடிக்கணும். ஞாயித்துக்கிழம காலைல முழிக்கிறப்பவே வயித்தக் கலக்கும். சிவனணைஞ்சானா நடிச்ச பொன்வேல் தார எறக்கி வச்சுட்டுக் கழுத்த ஒரு பக்கமாச் சாய்ப்பான் பாருங்க, அது நடிப்புச் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. கூட்டாளியோட ரஜினி கமல் சண்டை, டீச்சர் மேல அவனுக்கு இருக்குற பிரியம், எல்லாம் தேன். முதல் பாதில நான் சிரிச்ச மாதிரி இந்த வருஷம் எந்தப் படத்துக்கும் சிரிக்கல.

முடிவுதான். கூலியக் கூட்டிக் கேட்டவங்களத் தார் ஏத்துன லாரி மேலயே ஏத்தி அனுப்பி, அந்த லாரி கவுந்து போற கதை. மாரி செல்வராஜ் தன் ஊர்ல நடந்தத, தன் வீட்டு எழவ எடுத்து முன்னால வச்சிருக்கார், அத அளக்குறதுக்கு எனக்கு அருகத கெடையாது. ஆனாலும் பாத்தவனாச் சொல்றேன், ஊரே ஓலம் போடுறப்ப அந்தப் பையன் பசி தாங்காமச் சோத்துல கைய வச்சான் பாருங்க, எனக்கு அங்கயே படம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் வந்த பாட்டு என்ன அழு அழுன்னு புடிச்சுத் தள்ளுச்சு. தள்ளாமலே நான் அழுதிருப்பேன். அந்த ஒரு காரணத்துக்காக நாலு.

இப்ப எழுதிட்டு யோசிக்கிறேன், அவர் அழட்டுமேய்யா. இத்தன வருஷம் உள்ள வச்சிருந்தத அவர் கொட்டுறப்ப, கொஞ்சம் கம்மியாக் கொட்டுங்கன்னு டிக்கெட் வாங்குனவன் சொல்றதா? மூணும் நாலும் மாறலாம். பாப்போம்.

1 ஜனவரி 2025, காலை 9.00

எல்லாருக்கும் புது வருஷ வாழ்த்து. இன்னைக்கு மெய்யழகன்.

நான் வந்த அன்னைக்கே பாத்தேன், செப்டம்பர் 27. மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. நாலஞ்சு நாள்ல 18 நிமிஷத்த வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு இன்னொரு தரம் போனேன், அப்ப வெட்டுன படம். வெட்டாத படத்துல ராத்திரி கார்த்தியும் அரவிந்த்சாமியும் உக்காந்து ஜல்லிக்கட்டு, தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு, ஈழம்னு எங்கெங்கயோ பேச்சு போகும். நெறையப் பேருக்கு அது இழுவையாப் பட்டுச்சு. எனக்கு அது வேணும். நீங்களே சொல்லுங்க, ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குற சொந்தக்காரன்கூட மொட்ட மாடில உக்காந்தா பேச்சு கதைக்குச் சம்பந்தமானதா மட்டுமா போகும்? கார்த்தி அந்த மாதிரி ஆளு, தெரு நாயி, பாம்பு, சோழன்னு எதையும் விடாமப் பேசுற ஆளு. பேச்சக் கொறச்சா ஆளும் கொறஞ்சிருவான்.

அப்புறம் அந்த சைக்கிள். 1996-ல தஞ்சாவூர் வீட்ட விட்டுட்டுப் போன குடும்பம், அவங்களுக்கு வேணாம்னு போட்டுட்டுப் போன சைக்கிள் இன்னொரு வீட்டத் தூக்கி நிறுத்தியிருக்கு, விட்டுட்டுப் போனவருக்கு அது ஞாபகத்துலயே இல்ல. எங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சு, தையல் மெஷின். எங்க அப்பா வேல பாத்த இடத்து முதலாளி வீட்டம்மா, புதுசு வாங்கிட்டோம்னு பழசக் குடுத்தாங்க. மிதிக்கிற பலகைல ஒரு ஓரம் ஒடஞ்சிருக்கும், அப்பா அதுல டயர் துண்டு வச்சு ஆணி அடிச்சிருந்தார். அம்மா அதுலதான் பாவாட தச்சு என்னப் படிக்க வச்சாங்க. குடுத்தவங்கள ரெண்டு வருஷம் முன்னால ஒரு கல்யாணத்துல பாத்தேன், போய்ச் சொன்னேன். அப்படியாப்பா, எனக்கு ஞாபகம் இல்லையேன்னு சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி சப்புன்னு ஆயிடுச்சு. இந்தப் படம் பாத்த பிறகுதான் அந்தச் சப்பு போச்சு.

மேடைல தங்கச்சிக்கு அரவிந்த்சாமி ஒவ்வொரு நகையாப் போட்டு விடுறப்ப என் பக்கத்துல வீட்டுக்காரம்மா தேம்புனாங்க. வண்டில திரும்பி வர்றப்ப, நம்ம கல்யாணத்துக்கு எங்கண்ணன் லேட்டாத்தான் வந்தாருல்லன்னாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு இத இப்பத்தான் மொத தடவையாச் சொல்றாங்க.

4 ஜனவரி, ராத்திரி 10.40

"மலையாளத்துக்குப் பதிலே சொல்லலையே"ன்னு கேள்வி கேட்டவரே வந்திருக்கார். சொல்றேன்.

மஞ்சும்மல் பாய்ஸ் எங்களுக்கு வெளியூர்ப் படமே இல்ல. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் கொடைக்கானல் டூர் போயி குணா குகைல கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்தவன் நான். 2006-ல அந்த மஞ்சும்மல் பசங்கள்ல ஒருத்தன் அதே குகைக்குள்ள விழுந்தது அப்பத் தெரியாது. தியேட்டர்ல "கண்மணி அன்போடு காதலன்" வந்தப்ப மலையாளப் படத்துக்கு மொத்தத் தமிழ்க் கூட்டமும் சேந்து பாடுச்சு. குணான்னு 1991-ல பெருசா ஓடாத படத்தோட பாட்டு, முப்பத்திமூணு வருஷம் கழிச்சு கேரளாக்காரங்க எடுத்துக் குடுத்துத்தான் நமக்கு இப்படி வாய்க்கணும்னு இருந்திருக்கு.

கிஷ்கிந்தா காண்டம்ல விஜயராகவன், மறதி வந்ததக் கவுரவம் பாத்து மறைக்கிற பெரிய மனுஷன். அதப் பத்தி அதிகம் சொன்னாப் படம் கெட்டுப் போயிரும், பாத்துக்கோங்க.

ஆனா எனக்கு இந்த வருஷத்து மலையாளப் படம்னா உள்ளொழுக்குதான். குட்டநாட்டுல வெள்ளம், வீட்டுல பொணம், பொதைக்கிற எடமும் தண்ணிக்குள்ள, வடியிற வரைக்கும் எல்லாரும் காத்துக் கெடக்கணும். மாமியாரா ஊர்வசி, மருமகளாப் பார்வதி. ரெண்டு பேருக்கும் நடுவுல சொல்லாத சமாச்சாரம் ஆயிரம், கீழ தரை முழுக்கத் தண்ணி. காலத் தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டே எல்லா வேலையும் நடக்கும்.

இப்ப என் வாதத்துக்கு வர்றேன். அதே ஊர்வசிதான் மார்ச் 8-ம் தேதி வந்த ஜே பேபில சென்னைல பசங்க வீடு வீடா அலைஞ்சு, ஒருநாள் காணாமப் போயி, கொல்கத்தால கெடைக்கிற அம்மா. பேசிக்காத ரெண்டு மகன், மாறனும் தினேஷும், ஒண்ணா ரயில் ஏறிக் கூட்டிட்டு வரப் போறாங்க. சுரேஷ் மாரி தன் குடும்பத்துல நடந்ததத்தான் எடுத்திருக்கார். ஊர்வசி கதாநாயகியா நடிச்ச முந்தானை முடிச்சு வந்தது 1983. நாப்பத்தியொரு வருஷம் கழிச்சு ஒரே மனுஷி ஒரே வருஷத்துல ரெண்டு மொழில ரெண்டு அம்மாவா வர்றாங்க, இதோட சாயல் அதுல கெடையாது. மலையாளத்துல அந்த அம்மா வாய மூடிட்டு இருக்காங்க, தமிழ்ல வாய் ஓயாமப் பேசுறாங்க. உள்ளொழுக்குக்கு எல்லாரும் கை தட்டுனோம். ஜே பேபி நான் போன அன்னைக்குத் தியேட்டர்ல ஒம்போது பேரு. அப்போ கொற எங்க இருக்கு, படத்துலயா, போகாத நம்மகிட்டயா? இதுதான் நான் உங்களுக்குச் சொல்ற பதில்.

5 ஜனவரி

தினேஷ் இந்த வருஷம் ஒரு படம்தான பண்ணார்னு கேட்டவருக்கு: ஜே பேபியும் அவர்தான், லப்பர் பந்தும் அவர்தான். அந்தச் சங்கர்தான் இந்தக் கெத்துன்னு பாக்குறப்ப ஞாபகமே வராது.

5 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

சங்கர்னு ஜே பேபில அவர் பேர எழுதிட்டேன், அது எனக்கு உறுதியாத் தெரியாம எழுதுனது, விட்டுருங்க. ஆளு அவர்தான்.

12 ஜனவரி, ஞாயித்துக்கிழம, மத்தியானம்

ஒரு வாரமா வரல, காலண்டர் கடைசி லோடு ஏத்துற வாரம். நேத்தோட முடிஞ்சுது.

நேத்து ராத்திரி வீட்டுல அம்மாவோட கொட்டுக்காளி பாத்தேன். அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் இத எழுதுறேன்.

அம்மாவுக்கு அறுபது ஆகப்போகுது. படம் பாக்குறப்பப் பூ கட்டிட்டே பாப்பாங்க, பாதில "இது யாரு, அவன் தம்பியா"ன்னு கேப்பாங்க. நேத்து ஒண்ணும் கேக்கல. ஆட்டோ கெளம்புனதுல இருந்து கைல நாரு அப்படியே இருந்துச்சு. ஆட்டோவுக்குள்ள அந்த அடி வர்றப்ப மட்டும், "பொம்பளைக ஒருத்தியாச்சும் எறங்கி நடந்தாளா பாரு"ன்னாங்க. படம் முடிஞ்சு எழுத்து ஓடுறப்ப நான் எந்திரிச்சு டிவிய அமத்தப் போனேன். அப்பத்தான் சொன்னாங்க.

அப்ப அம்மாவுக்குப் பத்தொம்போது வயசு. பெரியப்பா மகள், எனக்குப் பெரியம்மா முறை, யாரையோ விரும்புனாங்கன்னு தெரிஞ்சு, சாப்பிடாமக் கெடந்தவங்களப் பேய் புடிச்சிருக்குன்னு முடிவு பண்ணி ஒரு மெட்டாடோர் வேன்ல ஏத்திப் பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வண்டில இருந்து குதிச்சிருவாளோன்னு பயந்து, அவளுக்குப் புடிச்ச தங்கச்சி நீதான, கையப் புடிச்சுக்கன்னு அம்மாவப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க. "நாந்தான் கையப் புடிச்சிருந்தேன்"னாங்க. ரெண்டு மணி நேரம். பெரியம்மா கைல கண்ணாடி வளையல், அதுல ஒண்ணு ஒடஞ்சு அம்மா உள்ளங்கைல ஏறிருச்சு, கைய விட்டா எல்லாரும் என்ன சொல்லுவாங்களோன்னு எடுக்காமலே புடிச்சிட்டு இருந்தாங்களாம். எறங்குனப்பதான் பாத்தா ரெண்டு பேர் கையிலயும் ரத்தம், யாரோடதுன்னு தெரியல. நான் அந்தக் கைய எத்தனையோ தரம் புடிச்சிருக்கேன். கட்ட விரலுக்குக் கீழ ஒரு வெள்ளக் கோடு இருக்கும், அருவாமணைல பட்டதுன்னுதான் இத்தன நாளா நெனச்சிருந்தேன்.

அங்க என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல, அம்மாவும் சொல்லல.

பெரியம்மாவுக்கு அடுத்த வருஷமே வேற எடத்துல கல்யாணம். இப்பப் பேரன் பேத்தி எடுத்தாச்சு. வாராவாரம் ரெண்டு பேரும் போன்ல பேசுவாங்க, அந்த வேன் பேச்சு மட்டும் நாப்பது வருஷமா வந்ததில்லயாம்.

12 ஜனவரி, ராத்திரி

டிசம்பர் 29-ல நான் எழுதுனதத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். சத்தத்தப் பத்தி அவ்ளோ எழுதியிருக்கேன், மீனாவப் பத்தி எழுதியிருக்கேன், பாண்டியப் பத்தி எழுதியிருக்கேன். அதே ஆட்டோவுக்குள்ள உக்காந்து வந்த மத்தப் பொம்பளைங்களப் பத்தி ஒரு வரி இல்ல. மூணு தரம் பாத்தவன் நான். அவங்களும்தான் அடி வாங்குறாங்க, அடி வாங்கிட்டு அதே எடத்துல உக்காந்து வர்றாங்க, மறுபடியும் மீனாவுக்குத் தண்ணி குடுக்குறாங்க. அவங்க முகம் அத்தனையும் படத்துல இருக்கு, கேமரா அவங்கள விடவே இல்ல, நான்தான் பாக்கல.

அதனால கொட்டுக்காளி ஒண்ணு. லப்பர் பந்து ரெண்டு. அந்தக் கைலிக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

16 ஜனவரி

முடிவு புரியலன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. பூசாரி முன்னால வேற ஒரு பொண்ணு, அவள அந்தாளு தொடுற விதத்தப் பாண்டி பாத்துட்டு நிப்பான். அடுத்து மீனா மொறை. அதோட விட்டுட்டாங்க. பாண்டி திரும்பிப் போனானா இல்லையான்னு என்ன ஆகஸ்ட்ல கேட்டிருந்தா, போயிருப்பான்னு சொல்லியிருப்பேன். அம்மாகிட்டக் கேட்டேன். "அதான் கூட்டிட்டு வந்துட்டாங்கள்ல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

வாழையும் மெய்யழகனும் எடம் மாறல. பொங்கல் லீவுல மெய்யழகன் திரும்பப் பாத்தேன், மூணுலயே இருக்கட்டும். ஜமாவ ஆறாவதா உறுதியாப் போட்டாச்சு, பாரி இளவழகன் தெருக்கூத்துல போட்ட பொம்பள வேஷத்தக் கலச்ச பிறகும் அந்த நடை ஒடம்ப விட்டுப் போகாம நிக்கிறது என் கண்ணுக்குள்ளயே இருக்கு. கூடவே கூத்துக்கு இளையராஜா.

2 ஆகஸ்ட் 2025

நேத்துத் தேசிய விருது அறிவிப்பப் பாத்தீங்களா? உள்ளொழுக்குக்குச் சிறந்த மலையாளப் படம், ஊர்வசிக்குத் துணை நடிகை விருது. ஜனவரில நான் எழுதுனது மேல இருக்கு, பாத்துக்கோங்க. சந்தோசம்தான், ஆனா துணைன்னு ஏன் போட்டாங்க? அந்த வீட்டையே தூக்கி நிறுத்துன மனுஷிங்க அவங்க. பார்வதியும் அவங்களும் ரெண்டு தூணு, அதுல எது துணைத் தூணு?

நாளைக்கு ஆடி 18, அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் போடுற நாள். இனி ஜனவரி வரைக்கும் தியேட்டர் பக்கம் போறது செரமம்.

31 ஆகஸ்ட் 2025

ஆவணி முகூர்த்தம், ஒரு கல்யாணத்துக்காகப் பெரியம்மா வந்து ரெண்டு நாள் எங்க வீட்டுல தங்குனாங்க. நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, ஏதாவது படம் போடுப்பான்னாங்க. எனக்குக் கொட்டுக்காளி நெனப்புதான் வந்துச்சு, ரிமோட்ட எடுத்துட்டு அம்மாவப் பாத்தேன். அம்மா தலைய ஆட்டுனாங்க, வேணாம்னு.

லப்பர் பந்து போட்டேன். கெத்தோட பொண்டாட்டி யசோதை டிராக்டர ஓட்டிட்டு நேரா கிரவுண்டுக்குள்ள வந்து பிட்ச உழுது விடுற எடம் வந்துச்சு. பெரியம்மா நிமிந்து உக்காந்தாங்க. சேலத் தலப்ப வாய்ல வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, அம்மா முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, "பாத்தியாடி அவள"ன்னாங்க. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, "தம்பி, அத இன்னொரு வாட்டி போடு"ன்னாங்க.

மூணு வாட்டி போட்டேன்.